வாக்கும் உறுதியும்

(பாடசாலையின் நூற்றாண்டு நன்றிக் கூட்டத்தில், பழைய மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



மேடையில் நிற்பது ஒருத்திதான். ஆனால் பேச்சு எங்கள் வகுப்பினருடையது. என்ன பேசலாம் என்று பல இரவுகள் தொலைபேசியில் கூடி யோசித்தோம். கொழும்பிலிருந்தும் பலாங்கொடையிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஆளுக்கொன்று சொன்னார்கள். வைத்தியராக இருப்பவளிடம் கொடுத்தால் பேச்சைச் சீக்கிரம் முடிப்பாள் என்று கடைசியில் தீர்மானித்தார்களாம். ஆகவே இன்று முழுவதும் 'நாங்கள்' என்றே சொல்லப் போகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தந்திருக்கும் தலைப்பு, கடவுள் தம் வாக்கைக் காப்பாற்றுகிறவர் என்பது. காலைக் கூட்டத்தில் வேதம் வாசிக்கக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய செய்தி அல்ல. இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்றுதான் அதைக் கேட்டோம். ஆனால் கேட்டதை நம்புவது எளிதாக இருந்ததா? பெல்மதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்த ஒருத்திக்கு 'வாக்குறுதி' என்ற சொல் எப்படிப்பட்ட சொல்?

நமது பேச்சில் வாக்கு என்றால் சொல். தேர்தல் அன்று போடுவதும் வாக்கு. காணிப் பத்திரத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் உறுதி. வாக்கும் உறுதியும் சேர்ந்ததுதான் வாக்குறுதி. இந்த இரண்டும் இல்லாமலே நமது பாட்டிமார் வாழ்ந்து முடித்தார்கள். அதனால் இந்தத் தலைப்பை இலேசாகப் பேசிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை.

எபிரேய வேதத்தைத் திறந்தால், உடன்படிக்கை என்று கடவுள் முதலில் செய்வது எந்த ஒரு சாதியாரோடும் அல்ல. வெள்ளம் வடிந்த பிறகு நோவாவோடும், பேழையிலிருந்து இறங்கிய எல்லா உயிர்களோடும் செய்கிறார். மேகத்தில் வில்லை வைக்கிறார். அதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த அடையாளம் மனிதர் பார்த்து ஆறுதலடைவதற்காக மட்டும் வைக்கப்படவில்லை. தாமே அதைப் பார்த்துத் தம் சொல்லை நினைத்துக்கொள்வதாகக் கடவுள் சொல்கிறார். மறந்துபோவாரோ என்று நாம் பயப்பட வேண்டியதில்லை என்பதற்குத் தம்மையே கட்டிப்போட்டுக்கொள்கிறார். 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் பட்ட பாட்டை நினைவில் வைத்திருக்கும் நமக்கு, மழை விட்ட பின் வானத்தைப் பார்ப்பது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து ஆபிரகாம். ஊரையும் இனத்தையும் விட்டுப் புறப்படு, உன்னைப் பெரிய சாதியாக்குவேன், உன் வழியாக எல்லா வம்சங்களும் ஆசீர்வாதம் பெறும் என்ற சொல்லை நம்பி அவர் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது வயது 100. நடுவில் 25 வருடம். சாராள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கூடாரத்துக்குள்ளே சிரித்தாள். பிள்ளை பிறந்ததும் அந்தச் சிரிப்பே பெயராகிவிட்டது. ஈசாக்கு என்றால் சிரிப்பான் என்று பொருள். நம்பிக்கை இழந்தவளின் சிரிப்பையும் கடவுள் தள்ளிவிடவில்லை. பிரசவ விடுதியில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். பல வருடம் காத்திருந்தவள் முதல்முறை பிள்ளையின் அழுகுரலைக் கேட்கும்போது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த 25 வருடத்துக்குள் ஓர் இரவு நடந்ததை ஆதியாகமம் 15ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் மிருகங்களை இரண்டாகப் பிளந்து, துண்டுகளின் நடுவே நடந்து போவார்கள். சொல் தவறினால் எனக்கும் இதே கதி என்று அதற்குப் பொருள். ஆபிரகாம் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவிட்டு அயர்ந்து தூங்கிப்போகிறார். இருட்டில் புகைகிற சூளையும் எரிகிற தீவட்டியும் மாத்திரம் துண்டுகளின் நடுவே கடந்து போகின்றன. ஆபிரகாம் நடக்கவில்லை. ஒப்பந்தத்தின் பாரம் முழுவதையும் கடவுள் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். இருவர் கையொப்பமிட வேண்டிய பத்திரத்தில் ஒருவர் மட்டும் ஒப்பமிட்டது போல.

இவ்வளவு பெரிய சொல்லைப் பெற்ற மனிதர் கையில் கடைசியில் எவ்வளவு காணி இருந்தது? சாராள் 127 வயதில் இறந்தபோது, அவளை அடக்கம் செய்ய ஆபிரகாமுக்கு ஒரு முழ நிலம் இல்லை. தேசம் முழுவதும் உனக்கு என்று கேட்டவர், அந்த ஊர் ஆட்கள் முன்னால் எழுந்து நின்று, நான் உங்களிடையே வந்து தங்கியிருக்கும் அந்நியன், செத்தவளை அடக்க ஓரிடம் தாருங்கள் என்று கேட்கிறார். எப்பெரோன் என்பவர் சும்மா தருகிறேன் என்கிறார். ஆபிரகாம் சம்மதிக்கவில்லை. 400 சேக்கல் வெள்ளியை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துக் கொடுக்கிறார். மக்பேலா குகை, அதைச் சேர்ந்த நிலம், எல்லைக்குள் நின்ற மரங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அது அவருடையதாகிறது. நொத்தாரிசு உறுதி எழுதுவது போலவே இருக்கும். தமக்கென்று ஆபிரகாம் விலை கொடுத்து வாங்கியதாக வேதம் சொல்லும் காணி ஒரு புதைகுழிதான்.

சகோதரிகளே, இந்த இடத்தை வாசிக்கும்போது நமது தோட்டத்து மயானங்கள் நினைவுக்கு வராமல் இருக்குமா? இறப்பர் மரங்களுக்கும் தேயிலைக்கும் இடையில், கல்லும் பெயரும் இல்லாமல், நமது பூட்டன் பூட்டிமார் கிடக்கிறார்கள். காடாக இருந்ததைத் தோட்டமாக்கியவர்களுக்கு இந்த மண்ணில் மிஞ்சியது அந்த ஆறடி. ஆபிரகாம் அதற்கு விலை கொடுத்து எழுதி வாங்கினார். நம்மவர்களுக்கு அதற்கும் எழுத்து இருக்கவில்லை.

பிள்ளைகளே, உங்கள் பாடப்புத்தகத்தில் சில வரிகளில் வந்து போகிற கதைதான். ஆனாலும் கேளுங்கள். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு நாடுகளின் பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து, 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மீதி 150,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் நமது மூத்த மாணவியரும் இருந்தார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் அக்காமாரே, உங்கள் பெயர்கள் இங்கே இடாப்பில் பாதியில் நின்றுபோயின. எங்கள் மனத்தில் நிற்கவில்லை.

இங்கே இருந்தவர்களுக்கு 1974 பஞ்சம் இருந்தது. 1977இலும் 1981இலும் 1983இலும் இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்த இரவுகள் இருந்தன. அயல்வீட்டுச் சிங்களத் தாய்மார் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக் காப்பாற்றிய பிள்ளைகளும் இருந்தார்கள். அதையும் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவர்களாவோம். நாடற்றவர் என்ற பெயரை முழுவதுமாக நீக்குவதற்கான சட்டம் 2003இல்தான் வந்தது. 1948இலிருந்து எண்ணினால் 55 வருடம். காணி உறுதி இன்றைக்கும் பல குடும்பங்களுக்கு வரவில்லை. ஏழு பேர்ச் என்ற சொல்லைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பாருங்கள் கடவுள் வாக்கைக் காப்பாற்றினார், சட்டம் வந்துவிட்டது என்று முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. அது பொய்யாகிவிடும். பெல்மதுளையில் நமக்குக் காணி தருவதாகக் கடவுள் வேதத்தில் எங்கும் சொல்லவில்லை. ஆபிரகாமுக்குச் சொன்ன தேசம் ஆபிரகாமுக்குச் சொன்னது. அதை எடுத்து நமது பெயரில் எழுதிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. நமக்கு உரியது அந்தக் கதையில் தெரிகிற கடவுளின் குணம். பலவீனமானவரிடம் கொடுத்த சொல்லையும் அவர் சொல்லாகவே மதிக்கிறார். கேட்பார் இல்லாதவரிடம் கொடுத்த சொல்லைத்தானே மனிதர் முதலில் மறக்கிறார்கள்?

காத்திருந்தவர்கள் வாய் மூடிக் காத்திருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். யோசுவாவின் புத்தகத்தில் ஓரிடத்தில், கடவுள் சொன்ன நல்ல வார்த்தைகளில் ஒன்றும் வீண்போகவில்லை என்ற கருத்தில் கணக்கு முடிக்கப்படுகிறது. ஆனால் அதே வேதத்தில் 89ஆம் சங்கீதமும் இருக்கிறது. அதில் 52 வசனங்கள். முதல் 37 வசனங்களும் கடவுளின் உண்மையையும் தாவீதுக்கு அவர் கொடுத்த வாக்கையும் போற்றுகின்றன. 38ஆம் வசனத்தில் பாட்டு திரும்புகிறது. நீர் தள்ளிவிட்டீர், உடன்படிக்கையை உதறிவிட்டீர், முன்பு ஆணையிட்ட கிருபை எங்கே என்று கடவுளின் முகத்துக்கு நேரே கேட்கிறது. அந்தக் கேள்வியை யாரும் வெட்டி எடுக்கவில்லை. வழிபாட்டில் பாடும் பாட்டாகவே வைத்தார்கள். வாக்கை நம்புகிறவர்தான் வாக்கு எங்கே என்று கேட்க முடியும். நம்பாதவர் கேட்கமாட்டார், போய்விடுவார். ஆகவே, துக்கத்தில் கடவுளிடம் முறையிட்டதற்காக யாரும் தன்னை விசுவாசம் இல்லாதவள் என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தது எரேமியாவின் கதை. பாபிலோன் சேனை எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது. நகரம் விழப்போகிறது என்று அவரே சொல்லி, அதற்காகவே காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த வேளை பார்த்துத் தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். சேனை நிற்கிற நாட்டில் காணி வியாபாரம்! ஆனால் எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் ஒப்பமிடுகிறார்கள். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டு நெடுநாள் இருக்கும்படி பத்திரப்படுத்தச் சொல்லிப் பாரூக்கின் கையில் கொடுக்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் வாங்குவார்கள் என்று கடவுள் சொன்னார். அதனால் வாங்கினேன், அவ்வளவுதான்.

எரேமியா அந்த நிலத்தில் உழுது விதைத்ததாக வேதம் சொல்லவில்லை. நகரம் எரிந்தது. அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அதோடு அவரைப் பற்றிய செய்தி நின்றுவிடுகிறது. ஆனால் எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்துக்குப் போங்கள். பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் இடாப்பு அங்கே இருக்கிறது. யாரும் ஊன்றி வாசிக்காத அதிகாரம். வெறும் பெயரும் தொகையும். அதன் நடுவில் ஒரு சின்ன வரி, ஆனதோத்து ஊரார் 128 பேர் என்று கணக்குச் சொல்கிறது. உறுதி மண்பாண்டத்துக்குள் இருந்தது. வாங்கியவர் வரவில்லை. ஊரார் வந்தார்கள்.

எங்களுக்கு இதில் தெரிவது இதுதான்: கடவுளின் வாக்கு ஒரு மனிதரின் ஆயுளைவிட நீளமானது. அதனால் அவர் மறந்துவிட்டார் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆபிரகாம் ஒரு புதைகுழியை வாங்கினார். எரேமியா சேனை சூழ்ந்து நிற்கும்போது ஒரு நிலத்தை வாங்கினார். வாக்கு நிறைவேறும்வரை விசுவாசிகள் சும்மா இருக்கவில்லை. தமக்குக் கிடைக்காது என்று தெரிந்தும், வருகிறவர்களுக்காகச் சிறிய ஒன்றைச் செய்து வைத்தார்கள்.

நமது பாட்டிமாரும் அம்மாமாரும் செய்தது வேறென்ன? நாளைக்கு இந்த நாட்டில் இருப்போமா, கப்பல் ஏறுவோமா என்று தெரியாத காலத்தில், பெரட்டுக்குப் போகுமுன் விடியற்காலையில் இரட்டைப் பின்னல் பின்னி, ரொட்டியும் சம்பலும் கட்டி, பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்களே! பிரஜாவுரிமை இல்லாத தாய் பிள்ளைக்குப் பாடக்கொப்பி வாங்கினாள். அவள் வாங்கியது ஆனதோத்து நிலம். இந்தப் பாடசாலைதான் அந்த மண்பாண்டம். இன்று ஆசிரியைகளாக, தாதியராக, கிராம சேவகர்களாக, வங்கியில், நீதிமன்றத்தில் இருக்கும் நாம்தான் அந்த 128 பேர்.

எபிரேய மொழியில் ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிடுகிறோம். ஜெபத்தின் முடிவில் நாம் சொல்லும் 'ஆமென்' என்பதற்கும், கடவுளின் உண்மையைக் குறிக்கும் 'எமூனா' என்பதற்கும் வேர் ஒன்றே. உறுதியாக இருப்பது, தாங்குவது என்று அதற்குப் பொருள். அதே வேரிலிருந்து இன்னொரு சொல்லும் வருகிறது, 'ஓமெனெத்'. பிள்ளையை ஏந்தி வளர்ப்பவள் என்று அர்த்தம். ரூத்தின் கதை முடிவில், கணவனையும் இரண்டு மகன்மாரையும் பறிகொடுத்த நகோமி, ரூத்துக்குப் பிறந்த ஓபேதை வாங்கி மடியில் வைத்து வளர்க்கிறாள். அங்கே அவளுக்கு இந்தச் சொல்தான். கடவுளின் உண்மை என்றால் கல்லில் வெட்டிய சட்டம் போல நாங்கள் நினைத்திருந்தோம். இந்தச் சொல் வேறொரு படத்தைக் காட்டுகிறது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய் கொழுந்து எடுத்து வரும்வரை இடுப்பிலிருந்து பிள்ளையை இறக்காமல் நிற்கிற அந்த அம்மாளைப் பாருங்கள். தாய் வருவாள் என்று பிள்ளைக்குப் புரியாது. அந்த இடுப்பு நழுவவில்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போது, சொல்லத் தயங்கிய ஒன்று. எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத்துக்குப் போனவளின் கதை. அது யார் என்று உங்களுக்குத் தெரியும். தனியே சொல்ல வெட்கமாக இருப்பதால் இதையும் 'நாங்கள்' என்றே சொல்கிறோம்.

பயிற்சிக் காலத்தில் ஒரு வைத்தியசாலையில் இரவு வேலை. தோட்டத்திலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர், மூச்சுத் திணறலோடு படுத்திருந்தார். அந்த விடுதியில் அன்றிரவு தமிழ் பேசியவர்கள் நாங்கள் மட்டும்தான். கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கும் வருவீங்களா டொக்டரம்மா?" என்று கேட்டார். "கட்டாயம் வாரேன் பாட்டி" என்றோம். காலையில் வேறு விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். வேலை தலைக்கு மேல். ஐந்து நிமிட நடைதான், போகவில்லை. நான்காம் நாள் நினைவு வந்து ஓடிப்போனோம். கட்டிலில் வேறொருவர். "நேற்றுத் துண்டு வெட்டிக்கொண்டு போய்விட்டார். உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கதவுப் பக்கமே பார்த்தபடி இருந்தார்" என்றார் தாதி.

அவருக்கு மருத்துவத்தில் ஒரு குறையும் நடக்கவில்லை. சுகமாகித்தான் போனார். ஆனால் வாக்குக் கொடுத்து வராமல் போனவர்களின் நீண்ட வரிசையில், அந்தத் தாய் எங்களையும் சேர்த்துக்கொண்டு போனார். அதுவும் அவருடைய பாஷையே பேசுகிற ஒருத்தியை. அரசுகளையும் ஒப்பந்தங்களையும் குறை சொல்வது சரிதான், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்றிலிருந்து, குறை சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் அந்தக் கட்டில் நினைவுக்கு வருகிறது. அதன்பின் ஒரு பழக்கம் வந்தது. வருவோம் என்று நிச்சயமில்லாவிட்டால் வருவேன் என்று சொல்வதில்லை. சொன்னால் சட்டைப்பையில் உள்ள சின்னக் கொப்பியில் கட்டில் இலக்கத்தை எழுதி, போய்வந்த பின்தான் வெட்டுகிறோம். வானத்தில் வில்லை வைத்தவருக்கே அடையாளம் வேண்டியிருந்ததென்றால், நமக்குக் கொப்பி வேண்டாமா?

சங்கத்து உறுப்பினர்களே, நூற்றாண்டு விழாவில் வாக்குறுதிகள் நிறையக் கொடுப்போம். மேளச் சத்தத்திலும் மாலை வாசனையிலும் மனம் இளகும். கட்டடம் கட்டுவோம், புலமைப்பரிசில் தருவோம், கணினி அறை திறப்போம் என்போம். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். குறைவாகச் சொல்வோம், சொன்னதை எழுதிவைப்போம். ஒரு பிள்ளையின் பஸ் காசு என்றால் அது பதினொன்றாம் ஆண்டு முடியும்வரை பஸ் காசு. இரண்டாம் தவணையில் மறந்துபோகிற பஸ் காசு அல்ல. முன்வரிசையில் இருக்கும் இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே போதுமான அளவு வாக்குறுதிகளைக் கேட்டுவிட்டார்கள். கடவுள் நம்பத்தக்கவர் என்று பிரசங்கத்தில் கேட்பதற்கு முன்னால், சொன்ன நாளில் வந்து நின்ற ஒரு அக்காவை அவர்கள் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு சொல். நீங்கள் இடாப்பில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று பதில் சொல்கிறீர்களே, அந்த இடாப்பை ஒருநாள் பழைய பக்கம் வரை புரட்டிப் பாருங்கள். பாதியில் நின்ற பெயர்கள் இருக்கும். அவர்களுக்காகவும் சேர்த்துப் படியுங்கள்.

நூறு வருடம் இந்தப் பாடசாலையைத் தம் இடுப்பிலிருந்து இறக்காமல் ஏந்தி வந்த கடவுளுக்கு நன்றி சொல்கிறோம். 

ஆமென் என்று சொல்லி முடிக்கிறோம். அதற்கு அர்த்தம் இப்போது நமக்குத் தெரியும்.